மனப்பாரம் எட்டு

என் மனைவிக்குச் சிகிச்சை தொடங்க நான்கு வாரம் தாமதமானதற்கு யார் காரணம் என்று கேட்டால், மருத்துவமனை என்னைத்தான் காட்டும். என் கையெழுத்தோடு காட்டும். அவர்கள் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் தராசு பழுதுபார்ப்பவன். மளிகைக் கடை, காய்கறிக் கடை, பழைய இரும்புக் கடை என்று ஊரிலுள்ள தராசெல்லாம் என் கைக்கு வந்து போகும். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும், நமக்குப் பிடித்த இடத்தில் அது நிற்காது. உருப்படியாக எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான். அதுவே எங்களைக் கவிழ்த்தது.

என் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். குளிக்கும்போது வலது மார்பில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. சீருடை சீசன் முடியட்டும் என்று பத்து நாள் என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தாள். பிறகு எங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போனோம். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, புற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் ஒல்லியான மனிதர், நின்றுகொண்டே பேசுகிறவர்.

"கட்டி இப்ப ரெண்டு சென்டிமீட்டர். வேகமா வளர்ற ரகம். வர்ற வியாழக்கிழமையே மருந்து ஏத்த ஆரம்பிச்சிடலாம். மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு. கட்டி சுருங்கினதும் அதை மட்டும் எடுத்துட்டா மார்பு தப்பிச்சிடும். தள்ளிப்போட்டா முழுசா எடுக்க வேண்டி வரும். அதனால லேட் பண்ணாதீங்க."

லேட் பண்ண எங்களுக்கு என்ன பைத்தியமா? வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே போய் நின்றோம்.

மருந்தேற்றும் அறையில் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள் இருந்தன. நான்கில்தான் ஆள். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரவெல்லாம் புரண்டவனுக்கு அந்த எட்டுக் காலி நாற்காலிகளைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றில் உட்காரப் போனாள். உள்ளேயிருந்து நர்ஸ் ஓடிவந்தார்.

"உக்காராதீங்கம்மா. மருந்து கலந்து ரெடியா இருக்கு. ஆனா முதல்ல அரவணைப்புக்குப் போய் சீட்டு வாங்கிட்டு வாங்க."

அரவணைப்பு என்பது ஒரு துறை. இரண்டாவது மாடி முழுவதும் அதுதான். மருத்துவமனையில் வேறெங்கும் காணாத மெத்தை நாற்காலி, வேறெங்கும் வராத குடிதண்ணீர், சுவர் முழுக்க அருவிப் படம். வாசலில் ஒரு பலகை: "உங்கள் கண்ணீருக்கு இங்கே இடம் உண்டு." அதற்குக் கீழே இன்னொன்று: "தயவுசெய்து வரிசையில் வரவும்."

வரிசையில் போனோம். அரவணைப்பு அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி. தூங்கும் குழந்தை எழுந்துவிடுமோ என்று பயந்தவர் போலப் பேசுவார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் காய்ச்சல் பார்க்கும் கருவியின் படம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை கோடுகள். மேலே 'மனப்பாரமானி' என்று அச்சிட்டிருந்தது.

"பூஜ்யம்னா மனசு இறகு மாதிரி இருக்குன்னு அர்த்தம். பத்துன்னா தாங்க முடியலன்னு அர்த்தம். நோயாளி ஒண்ணு, கூட வந்தவர் ஒண்ணு. நேர்மையா போடுங்க. இங்க தப்பான விடைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்றார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்க்காமலே இரண்டில் வட்டம் போட்டார். அம்மா தாளிலும் அவரே இரண்டு போட்டார். என் மனைவி கெட்டிக்காரி, அதை எட்டிப் பார்த்துத் தானும் இரண்டு போட்டாள். நான் என்ன செய்தேன்? அளக்கச் சொன்னார்கள், அளந்தேன். கண்ணை மூடி, முள் நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். முதலில் ஆறு காட்டியது. கட்டி வேகமாக வளர்கிற ரகம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்ததும் ஒன்பதுக்கு ஓடியது. கீழே பார்த்த அந்தக் காலி நாற்காலிகளை நினைத்தேன், கொஞ்சம் இறங்கி எட்டில் நின்றது. எட்டு போட்டேன். போட்டதோடு விட்டேனா? அலுவலரிடம் போய், "அம்மா, தராசுக்குன்னா சர்க்கார் முத்திரை உண்டு, இந்த அளவுக்கு வருஷா வருஷம் யார் முத்திரை போடறாங்க?" என்று வேறு கேட்டேன்.

"பகிர்ந்துகிட்டதுக்கு நன்றி" என்றார் அவர். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகம் உருகிவிட்டது.

"எட்டு."

"ஆமாம்மா."

"மூணுக்கு மேல இருந்தா நாற்காலி கிடையாதுங்க. ரெண்டு தாள்ல எது கூடவோ அதுதான் கணக்கு. இவ்வளவு பாரத்தோட இருக்கறவங்க நரம்புல மருந்து ஏத்தறது மனிதாபிமானம் இல்ல."

"பாரம் எனக்குத்தாம்மா. மருந்து அவளுக்கு."

"நோயாளியையும் கூட இருக்கறவரையும் நாங்க பிரிச்சுப் பாக்கறதில்ல."

"எட்டுக்குக் காரணமே அந்தக் கட்டிதாம்மா. மருந்து ஏத்தினா தன்னால குறைஞ்சிடும்."

அலுவலர் என் கையைத் தொட்டார். "இப்படி எல்லாத்துக்கும் மருந்தையே நம்பி இருக்கறதைத்தான் நாங்க முதல்ல மாத்தணும்" என்றார்.

அன்று முழுக்க எங்களை அரவணைத்தார்கள். காலையில் மூச்சு அறை. அங்கே ஒருவர் மூச்சை இழுக்கச் சொன்னார், பிறகு விடச் சொன்னார். பிறகு களிமண் கொடுத்து உங்கள் பயத்தைச் செய்யுங்கள் என்றார்கள். என் மனைவி ஒரு உருண்டை செய்து, கட்டைவிரலால் அழுத்தி, "ரெண்டு சென்டிமீட்டர்" என்று பயிற்றுநர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மாலை ஐந்து மணிக்குக் கீழே ஓடிப்போய்ப் பார்த்தோம். நர்ஸ் கலந்து வைத்திருந்த மருந்துப் பைகளை மஞ்சள் கழிவுத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கலந்தா சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். இன்னைக்கு எட்டுப் பை போச்சு. எல்லாரும் மேல மூச்சு விட்டுட்டு இருக்காங்க" என்றார்.

பஸ்ஸில் என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது மனுஷனையா, தராசையா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த வாரம் ஒரு வேலையும் ஓடவில்லை. பழக்கடைக்காரர் தராசைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் நின்றேன். வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று விசாரித்தேன். அடுத்தது நூற்றிருபது கிலோமீட்டர். போகலாம், ஆனால் இங்குள்ள மருத்துவக் கோப்பு நம் கைக்கு வருவதற்கு முன்னால் 'பிரிவுத் துயர் ஆலோசனை' ஒன்று உண்டாம். அதற்கு முன்பதிவு ஏழு வாரம் கழித்துத்தான் இருந்தது.

இரண்டாவது வியாழக்கிழமை தாளை வாங்கிய வேகத்தில் இரண்டு போட்டேன். பொய் எடை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. அலுவலர் போன வாரத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எட்டு. இப்ப ரெண்டு. திடீர்ச் சரிவு."

"நல்லதுதானேம்மா?"

"ஒரே வாரத்துல ஆறு கோடு இறங்கறது இயற்கை இல்லீங்க. எதையோ உள்ள போட்டு அமுக்கறீங்க. எட்டைவிட இந்த ரெண்டுதான் எனக்குப் பயமா இருக்கு."

என் தாள் செல்லாது என்று ஒதுக்கினார். அதோடு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு கோடு இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்து நான்கு, பிறகு இரண்டு. தேதியோடு எழுதி, கீழே என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இதற்குள் என் மனைவியின் தாளின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இவங்க ரெண்டு வாரமா ரெண்டுலேயே தேங்கி நிக்கறாங்க" என்று ஓரத்தில் குறித்தார்.

நான் டாக்டர் அறைக்கு ஓடினேன். அவர் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. அவசரம்னு எழுதுங்க."

"எழுதினேங்க. போன மாசம் ஒரு அம்மாவுக்கு 'மிக அவசரம்'னு சிவப்பு மையில எழுதினேன். டாக்டருக்கு மன அழுத்தம் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு என்னையே மேல கூப்பிட்டுட்டாங்க. மூணு நாள் களிமண் பிசைஞ்சேன். அந்த மூணு நாளும் கீழ நோயாளிங்க காத்துட்டு இருந்தாங்க." அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர்ங்களும் வாராவாரம் தாள் போடணும். நான் ரெண்டு போடறேன். நீங்க ஏன் சார் எட்டு போட்டீங்க?"

"நேர்மையா போடச் சொன்னாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது வியாழக்கிழமை அட்டவணைப்படி ஆறு. அன்று எங்களை 'மனந்திறக்கும் வட்ட'த்தில் உட்காரவைத்தார்கள். ஒரு பஞ்சுப் பந்தைக் கைமாற்றிக்கொண்டே போக வேண்டும், பந்து வைத்திருப்பவர் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். பந்து லாரி டிரைவரிடம் வந்தது. இவர் ஏன் இங்கே என்று எனக்கு ஆச்சரியம். "எங்கம்மாவுக்கு வாராவாரம் ஏத்தற மருந்து, ரெண்டு ரெண்டுன்னு போட்டு ரெண்டு தடவை ஏத்தியாச்சு. இந்தத் தடவை எங்கம்மா தாளை அவங்களே போட்டுட்டாங்க. ஏழு. மகன் சரியா சாப்பிடறதில்லைங்கற கவலையாம்" என்று சொல்லி, பந்தைத் தரையில் அடித்தார். பந்து சத்தமில்லாமல் கிடந்தது.

அடுத்து என்னிடம் வந்தது. "எங்களுக்கு ஒரு நாற்காலி குடுங்க" என்றேன்.

"அது உணர்வு இல்லைங்க, கோரிக்கை" என்றார் பயிற்றுநர். "உணர்வைச் சொல்லுங்க."

"நாற்காலி குடுக்கலைன்னா எரிச்சலா இருக்கு."

எரிச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு கோடு கூடிவிடப் போகிறதே! உடனே, "எரிச்சல் போயிடுச்சு" என்றேன். வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள், என் மனைவியைத் தவிர.

வட்டம் முடிந்ததும் அலுவலர் எங்களுக்கெல்லாம் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. அந்த அம்மாள் நல்லவர்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"இந்தத் துறை வர்றதுக்கு முன்னால இங்க எப்படி இருந்துச்சு தெரியுமா? காலையில வருவாங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நேரா நாற்காலியில உக்காரவெச்சு மருந்தை ஏத்தி, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குணமாகிப் போனவங்க எத்தனையோ பேர். ஆனா அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு ஒரு பதிவுகூட நம்மகிட்ட இல்ல. எவ்வளவு பெரிய இழப்பு, யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். தலை சுற்றியது.

நான்காவது வியாழக்கிழமை நான்கு. ஒரே ஒரு கோடுதான் கூட. அந்த ஒரு கோட்டுக்காக நான் அந்த அம்மாள் காலில் விழாத குறை. "மூணுன்னு வெச்சுக்கங்கம்மா. கடையில ஒரு கிராம் முன்னபின்ன விடுவாங்க" என்று என் தொழிலையே விற்றேன். "உங்க பயணத்தை நீங்களே அவசரப்படுத்தக் கூடாது" என்று சொல்லி, தலையணை மாதிரி ஒன்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டேன். இரவு என் மனைவி தையல் எந்திரத்தில் உட்கார்ந்து, வலது கையைப் பாதி தூக்கியதும் முகத்தைச் சுளித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "போய்ப் படுங்க" என்றாள்.

ஐந்தாவது வியாழக்கிழமை இரண்டு. சீட்டு கிடைத்துவிட்டது. வாங்கிய கையோடு கீழே ஓடினோம். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டர் ஒருமுறை அளக்க வேண்டும். அவர் திரைக்குப் பின்னால் என் மனைவியைப் படுக்கவைத்து, வெர்னியர் அளவுகோலை எடுத்தார். என்னிடமும் அதே கருவி உண்டு, எடைக்கல்லின் விட்டம் பார்க்க. என்னை வெளியே இருக்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார். அதன் இரண்டு தாடையும் கட்டியைப் பிடித்த இடத்தில் இருந்த அளவை நானே படித்தேன். டாக்டரும் படித்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். அவர் கைக்குப் பழுது சொல்ல முடியாது, சரியாகத்தான் பிடித்தார்.

நான்கு.

டாக்டர் முதல் தடவையாக உட்கார்ந்தார். "மருந்து இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். ஆனா கட்டியை மட்டும் எடுக்கறதுன்னு நான் சொன்னேன் இல்லையா, அது இனிமே முடியும்னு எனக்குத் தோணல. முழுசாதான் எடுக்க வேண்டி வரும்."

என் மனைவி சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசிப் பொத்தானைத் தவறான ஓட்டையில் போட்டாள். தையல்காரி.

அழக்கூட நேரமில்லை. வாசலில் அலுவலர் நின்றிருந்தார், கையில் மலர்ச் செண்டோடு. தரம் பார்க்கும் குழு அன்று வந்திருந்தது. அட்டவணையைக் கோடு பிசகாமல் கடந்த முதல் குடும்பம் நாங்கள்தானாம். ஒரு பத்து நிமிஷம் மேலே வந்துவிட்டால், பிறகு குழுத் தலைவரே எங்களை அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைப்பாராம். வரவில்லை என்றால்? அப்படி யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். போனோம்.

பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. மருந்து கீழே கலந்து இருக்கிறது என்ற நினைப்பில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரையில் ஒரு படம் காட்டினார்கள். எட்டில் தொடங்கி ஆறு, நான்கு, இரண்டு என்று ஒரு கோடு அழகாகப் படி இறங்கியது. அதன்மேல் என் பெயர். குழுத் தலைவர், "இது வெறும் கோடு இல்ல, ஒரு மனிதனின் விடுதலை" என்றார். கைதட்டல். பிறகு ஒலிவாங்கியை என் மனைவியிடம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறியதில்லை. நிதானமாகப் பேசினாள்.

"மனப்பாரம் எட்டுலேருந்து ரெண்டுக்கு வந்திடுச்சுங்க. கட்டி ரெண்டுலேருந்து நாலுக்குப் போயிடுச்சு. எதைக் குறைக்க இங்க வந்தோம்ங்கறதுதான் எனக்கு மறந்துபோச்சு."

குழுத் தலைவர் எழுந்து, கைதட்டத் தொடங்கினார்.

"கேட்டீங்களா? மறந்துபோச்சுன்னு சொல்றாங்க! வந்த நோயையே மறக்க வெச்சிருக்கோம். உலகத்துல வேற எந்த மருந்து இதைச் செய்யும்?"

மண்டபம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூலையில் டாக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். யாரோ அவரைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். உடனே அவரும் தட்டினார்.

நண்பகலுக்கு மேல் நாற்காலி கிடைத்தது. தலைவர் எங்களோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நர்ஸ் இடது கையில் நரம்பைத் தேடி ஊசியைக் குத்தினார். மருந்து ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு என்று இறங்க ஆரம்பித்தது. நான்கு வாரமாக இதற்குத்தான் அலைந்தோம். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் செத்துவிடுவாளோ என்று அப்பட்டமான பயம். எல்லாம் என்னால்தான் என்றும் உறுத்தியது.

"என்னை மன்னிச்சிடு" என்றேன்.

"வாயை மூடுங்க, யாராவது எழுதிக்கப் போறாங்க" என்றாள்.

அரை மணி நேரத்தில் மேலிருந்து ஒரு பெண் வந்து, இரண்டு தாள்களை நீட்டினாள். அடுத்த நாற்காலிக்கு இன்றைய தாள்தான் கணக்காம். போட்டு வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று பக்கத்து நாற்காலிக்குப் போனாள். பேனா என் கையில் இருந்தது. எழுதவில்லை.

"நெஜமா எவ்வளவுங்க?" என்று என் மனைவி மெல்லக் கேட்டாள்.

"பத்து."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உனக்கு?"

"இந்தத் தாள்ல கோடு பத்தோட முடிஞ்சிடுதே" என்றாள்.

பிறகு ஊசி குத்தாத கையால் என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள். தன் தாளில் இரண்டு போட்டாள். என் தாளையும் இழுத்து அதிலும் இரண்டு போட்டாள். அந்தப் பெண் வந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாப் பண்றீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.